8 வருஷமா ஆல்ப்ரசோலம்: ஒரே வாரத்தில் நிறுத்தச் சொல்றாங்க, சரியா?

வைகை_வடகரை கேட்டது:

அப்பாவுக்கு வயசு 66. வீடு மதுரை தல்லாகுளம். 8 வருஷமா ஓடிக்கிட்டிருக்கிற மாத்திரைகள் இவை. காலையில் ஆல்ப்ரசோலம் 0.25, ராத்திரி ஆல்ப்ரசோலம் 0.5. ராத்திரியே 'நரம்புக்கு'ன்னு இன்னொரு மாத்திரை, அட்டையில் எஸிடாலோப்ராம் 10 + குளோனாசெபாம் 0.5ன்னு போட்டிருக்கு. பிரஷருக்கு டெல்மிசார்டன் 40 + ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5. சுகருக்கு மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, கிளிமிபிரைடு 1 காலையில். வலிப்பு வந்ததில்லை. குடிப்பழக்கம் கிடையாது.

போன மாதம் ராத்திரி பாத்ரூமில் விழுந்துட்டார். எலும்பு முறிவு இல்லை. காட்டின இடத்தில், "இந்தத் தூக்க மாத்திரைதான் காரணம். ஒரு வாரம் பாதி போடுங்க, அப்புறம் நிறுத்திடுங்க"ன்னு சொன்னாங்க. இன்னும் எதையும் குறைக்கலை.

ஒரு வாரம் போதுமா? எதை முதல்ல குறைக்கணும்? 0.25 மாத்திரையைப் பாதியாக்கினாலே பொடிஞ்சு போகுது, கால் மாத்திரையெல்லாம் எப்படி எடுக்கிறது?

---

சீட்டு_எங்கே:

முதல்ல கணக்கு. நீங்க ஆல்ப்ரசோலத்தை மட்டும்தான் தூக்க மாத்திரைன்னு நினைக்கிறீங்க. 'நரம்புக்கு'ன்னு சொன்ன மாத்திரைக்குள் இருக்கிற குளோனாசெபாமும் அதே குடும்பம்தான். மெடிக்கல் கவுண்டரில் தினமும் பார்க்கிற குழப்பம் இது. வாயுக்கு, இரைப்பைக்குன்னு தர்ற சில மாத்திரைகளில் குளோர்டயசெபாக்சைடு ஒளிஞ்சிருக்கும், அமிட்ரிப்டிலின் என்கிற மனச்சோர்வு மருந்தோடு சேர்த்தும் வரும். அதனால் வீட்டில் இருக்கிற எல்லா அட்டையையும் திருப்பி, சின்ன எழுத்தைப் படிங்க. '-பாம்', '-லம்'னு முடியறதையும் குளோர்டயசெபாக்சைடையும் தனியா குறிச்சு வைங்க.

எல்லாத்தையும் டயஸெபாம் (இதே குடும்பத்து மருந்து, அளவுகோலா வச்சுக்கிறது) கணக்குக்கு மாத்தினால்தான் மொத்தம் எவ்வளவுன்னு தெரியும். ஆல்ப்ரசோலம் 0.25 மி.கி. என்பது டயஸெபாம் 5 மி.கி.க்குச் சமம். குளோனாசெபாம் 0.25ம் கிட்டத்தட்ட அதே 5. (ஆளுக்கு ஆள், அட்டவணைக்கு அட்டவணை கொஞ்சம் மாறும். தராசுத் துல்லியம் எதிர்பார்க்காதீங்க.) அப்பாவுக்கு ஆல்ப்ரசோலம் 0.75, அதாவது 15. குளோனாசெபாம் 0.5, அதாவது 10. ஆக மொத்தம் தினம் 25 மி.கி. டயஸெபாம் சாப்பிடுற உடம்பு. 8 வருஷம். இதை ஏழு நாளில் பூஜ்யமாக்குவது படியில் இறங்குறது இல்லை, மாடியிலிருந்து குதிக்கிறது.

இரண்டாவது, அந்தக் கூட்டு மாத்திரை. அதைப் பாதியாக்கினால் எஸிடாலோப்ராமும் (மனச்சோர்வு, பதற்றத்துக்கான மருந்து) பாதியாகிடும். அதைக் குறைச்சாலும் தலைசுற்றல், மண்டைக்குள் ஷாக் அடிச்ச மாதிரி வெட்டு, எரிச்சல் எல்லாம் வரும். எது எதனால் வந்ததுன்னு யாராலும் பிரிச்சுச் சொல்ல முடியாது. அதனால் டாக்டரிடம் முதல்ல கேட்க வேண்டியது டோஸ் குறைப்பு இல்லை. "எஸிடாலோப்ராம் 10 தனியா, குளோனாசெபாம் தனியா எழுதிக் கொடுங்க"ன்னு கேளுங்க. அளவு அதேதான், அட்டை மட்டும் இரண்டாகுது. குளோனாசெபாம் எழுதும்போது 0.25 மாத்திரையா எழுதச் சொல்லுங்க, இரண்டு சேர்ந்து 0.5. வாயில் கரையற ரகம் வேண்டாம், அது பிளேடு பட்டாலே மாவாகும்.

மூணாவது, சரக்கு. ஆல்ப்ரசோலமும் டயஸெபாமும் 2014 மார்ச் 1 முதல் எச்-1 அட்டவணையில் இருக்கு. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. டாக்டர் பேர், நோயாளி பேர், எத்தனை மாத்திரைன்னு தனி நோட்டில் எழுதி 3 வருஷம் வச்சிருக்கணும். சீட்டு கேட்டால் மெடிக்கல்காரரிடம் கோபப்படாதீங்க. பிரச்சினை வேற இடத்தில் இருக்கு. குறைச்சுக்கிட்டு வரும்போது அட்டை தீர்ந்து, ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகையும் சேர்ந்து வந்தால், மூணு நாள் மாத்திரை இல்லாமல் போகும். அது குறைப்பு இல்லை, திடீர் நிறுத்தம். கையில் எப்பவும் பத்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கணும். கடைசி வரை ஒரே கம்பெனி மாத்திரையா வாங்குங்க.

---

ராத்திரி_ரவுண்ட்ஸ்:

மேலே சொன்ன கணக்கு சரி. நான் வேகத்தைப் பத்திச் சொல்றேன். இது டாக்டர் முன்னாடி வைக்க வேண்டிய திட்டம். இதைப் பார்த்து நீங்களா ஆரம்பிக்க வேண்டாம்.

மூளையை அமர்த்துற காபா என்கிற ரசாயனத்துக்கு இந்த மாத்திரை கை கொடுக்குது. வருஷக்கணக்கா வெளியிலிருந்து உதவி வந்தால், உள்ளே இருக்கிற ஏற்பிகள் மழுங்கிப் போகும். மாத்திரையை எடுத்தவுடனே அவை பழைய நிலைக்கு வராது, வாரங்கள் மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் மூளைக்கு பிரேக் பிடிக்காது. அதனால்தான் படபடப்பு, வியர்வை, கைநடுக்கம், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, தசை துடிப்பு. கடைசியில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். உயிருக்கு ஆபத்து அந்தக் கடைசி இரண்டில்தான்.

2025-இல் அமெரிக்க அடிக்‌ஷன் மெடிசின் சொசைட்டி மற்ற மருத்துவச் சங்கங்களோடு சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் இது: தொடக்கத்தில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு தடவை 5 முதல் 10 சதவீதம். பொதுவா இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்களுக்குச் சொன்னது முதல் வாரமே 50, அடுத்த வாரம் மிச்சம் 50.

அப்பாவுக்குப் பொருத்திப் பார்ப்போம். மொத்தம் 25. அதில் 10 சதவீதம் 2.5, அதாவது ஆல்ப்ரசோலம் 0.125. காலை 0.25 மாத்திரையில் சரியா பாதி. முதல் படி ரெடி, பிளேடு வேலையும் சுலபம். மூணு வாரம் கழிச்சு மிச்சப் பாதி. அதுக்கப்புறம் ராத்திரி 0.5 இருக்கும், அதையும் 0.25 மாத்திரை இரண்டா வாங்கிக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் 0.125.

இங்கேதான் பலரும் சறுக்குறாங்க. குறைக்கிற துண்டு அதே 0.125 ஆக இருந்தாலும், மொத்தம் சுருங்கச் சுருங்க அதன் சதவீதம் ஏறிக்கிட்டே போகும். 25-இல் 2.5 என்பது 10 சதவீதம். 15-இல் அது 17. பத்தில் 25. ஆல்ப்ரசோலம் முழுக்கப் போய் குளோனாசெபாம் 0.5 மட்டும் மிஞ்சும்போது, 0.125 ஒரே அடியா எடுத்தால் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறீங்க. அதனால் மொத்தம் 15-க்கு வந்ததும் துண்டைப் பாதியாக்கணும், 0.0625. அதாவது 0.25 மாத்திரையில் கால். "முக்கால்வாசி முடிச்சிட்டோம், கடைசி ஒரு துளிதானே"ன்னு தூக்கிப் போடுறவங்கதான் திரும்ப வர்றாங்க.

எல்லாம் சேர்த்தால் ஒரு வருஷத்துக்குக் குறையாது. ஒன்றரை வருஷம் ஆனாலும் தப்பில்லை. எங்கேயாவது தாங்கலைன்னா அதே படியில் இன்னும் இரண்டு மூணு வாரம் நில்லுங்க. இறங்கின படியில் ரொம்பத் துன்பம்னா ஒரு படி பின்னாடி போகலாம், அதுக்கு மேல போக வேண்டாம். நல்லா இருக்குன்னு இரண்டு படியைச் சேர்த்து இறங்கவும் வேண்டாம்.

எதை முதலில் என்றால், என் ஓட்டு ஆல்ப்ரசோலத்துக்கு. அதன் அரைவாழ்வு (மருந்து உடம்பில் பாதியா குறையற நேரம்) 11 மணி நேரம் போல, வயசானவங்களுக்கு 16. குளோனாசெபாமுக்கு 30 முதல் 40. நீண்ட நேரம் நிற்கிறது கீழே மெத்தை மாதிரி இருக்கும்போது, சட்டுனு இறங்குறதை எடுக்கிறது சுலபம்.

இன்னொன்று. உடனே சோடியம் டெஸ்ட் பண்ணுங்க. எஸிடாலோப்ராமும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்தால், இந்த வயசில் ரத்தத்தில் சோடியம் இறங்குறது சகஜம். தள்ளாட்டம், விழுதல், குழப்பம், வலிப்பு எல்லாம் அதனாலேயும் வரும். விழுந்ததுக்குத் தூக்க மாத்திரை மட்டும்தான் காரணம்னு எப்படி முடிவு பண்ணினாங்கன்னு தெரியலை.

---

வைகை_வடகரை:

ரொம்ப நன்றி சார். சோடியத்துக்கு நாளைக்கே ரத்தம் கொடுத்துடுறோம். மூணு சந்தேகம். பாதி பண்றதுக்குப் பதிலா ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கலாமா? எல்லாத்தையும் டயஸெபாமுக்கு மாத்திட்டா சுலபம்னு ஒருத்தர் சொன்னார், சரியா? தண்ணியில் கரைச்சு அளந்து கொடுக்கலாமா?

---

ராத்திரி_ரவுண்ட்ஸ்:

ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூடவே கூடாது. ஆல்ப்ரசோலம் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் இறங்கிடும். அப்படிக் கொடுத்தால் வாரத்தில் மூணு தடவை சின்னச் சின்னத் திடீர் நிறுத்தம்தான் நடக்கும். தினமும் அதே நேரம், அதே அளவு.

டயஸெபாம் மாற்று நல்ல முறைதான். நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதுக்குன்னே கிளினிக் நடத்தின பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் அந்த வழியைத்தான் பிரபலமாக்கினார். 2 மி.கி., 5 மி.கி. மாத்திரை கிடைக்கிறதால் துண்டு போடுறதும் சுலபம். ஆனால் அப்பா விழுந்த மனுஷர், வயசு 66. டயஸெபாமின் அரைவாழ்வு 48 மணி வரை, அது உடைஞ்சு உண்டாகிற பொருளுக்கு 100 மணி வரை. முதல் வாரம் ஒண்ணும் தெரியாது. இரண்டாவது வாரம் உடம்பில் சேர்ந்து, பகல் மயக்கம், தள்ளாட்டம்னு வந்து இன்னொரு தடவை விழுவார். ஈரல் கோளாறு இருந்தால் இன்னும் மோசம். ஏற்கெனவே நீண்ட நேரம் நிற்கிற குளோனாசெபாம் இருக்கும்போது அந்த ரிஸ்க் தேவையில்லைன்னு நினைக்கிறேன்.

---

சீட்டு_எங்கே:

இதில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. இரண்டு மருந்தை 15 மாதம் தனித்தனியா துண்டு போடுறதுக்குப் பதிலா, ஆல்ப்ரசோலத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குளோனாசெபாமுக்கே மாத்தி, ஒரே மருந்தா வச்சுக் குறைக்கிறதும் நடக்கிற வழிதான். வீட்டில் பெரியவங்க மாத்திரையைக் குழப்பிக்க மாட்டாங்க.

---

ராத்திரி_ரவுண்ட்ஸ்:

நடக்கும், மறுக்கலை. ஆனால் ஒரு வேளை மாத்தி, ஒரு வாரம் பார்த்து, அப்புறம் அடுத்த வேளைன்னு போகணும். சமமாற்று அளவு ஆளுக்கு ஆள் மாறுதுன்னு நீங்களே மேல சொல்லியிருக்கீங்க. கூடுதலா விழுந்தால் மயக்கம், குறைவா விழுந்தால் பதற்றம். அப்பாவை நேரில் பார்க்கிற டாக்டர் முடிவு பண்ணட்டும்.

---

கிராம்_கணக்கு:

துண்டு போடுறதைப் பத்தி நான் சொல்றேன்.

தண்ணி வேண்டாம். ஆல்ப்ரசோலமும் குளோனாசெபாமும் தண்ணியில் கரையவே கரையாத ரகம். மாத்திரையில் இருக்கிற மாவு கலங்கி வெள்ளையா தெரியும், மருந்து அடியில் போய் உட்காரும். 10 மி.லி.யில் கலக்கி 9 மி.லி. கொடுத்தால், ஒரு நாள் பாதி போகும், இன்னொரு நாள் முக்கால் போகும். எவ்வளவு போச்சுன்னு யாருக்கும் தெரியாது.

பாதி, கால் வரைக்கும் மாத்திரை வெட்டுற சின்னப் பெட்டி போதும். மெடிக்கலிலேயே கிடைக்கும். மாத்திரையின் நடுக்கோடு பிளேடுக்கு நேரா இருக்கணும், மூடியைப் பட்டுனு ஒரே அழுத்து. மெதுவா அழுத்தினால்தான் பொடியுது. பாதி இரண்டும் சமமா வராட்டி பரவாயில்லை. பெரிய பாதி இன்னைக்கு, சின்ன பாதி நாளைக்குன்னு அதே மாத்திரையின் துண்டுகளை அடுத்தடுத்த நாள் கொடுத்தால் சராசரி சரியாகிடும். நாலைந்து நாளுக்கு மேல வெட்டி வைக்காதீங்க. மூடியுள்ள சின்ன டப்பா, வெளிச்சம் படாத இடம். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்.னு போட்டிருந்தால் பிளேடே படக் கூடாது. ஒரு நாளைக்கு மெல்ல இறங்க வேண்டியது மொத்தமா இறங்கிடும்.

கால் மாத்திரையை விடச் சின்னதா குறைக்கணும்னா தராசுதான். தெற்காவணி மூல வீதி நகைக்கடைத் தராசு மாதிரி ஒண்ணு போதும்னு நினைச்சு 0.01 கிராம் காட்டுறதை வாங்கிடாதீங்க. 0.25 மாத்திரை ஒன்று 120 மில்லிகிராம் எடை இருக்குன்னு வச்சுக்குங்க. 10 மில்லிகிராம் மாறினாலே 8 சதவீதப் பிழை. 0.001 கிராம் காட்டுறது வேணும். மட்டமான கல் மேடையில் வைங்க, ஃபேனை நிறுத்துங்க, கூட வர்ற எடைக்கல்லை வச்சுச் சரிபாருங்க. ஒரு அட்டையின் பத்து மாத்திரையை எடை போட்டு, சராசரி எடுங்க. சராசரி 120ன்னா, முக்கால் பங்கு வேணும்னா 90 வர்ற வரைக்கும் நகம் தேய்க்கிற அரத்தால் ஓரத்தைத் தேய்ங்க. இந்த 120 என்பது அந்தக் கம்பெனிக்கு மட்டும். கம்பெனி மாறினால் எடையும் மாறும், கணக்கை முதல்லேர்ந்து போடணும். மாத்திரையின் எடை வேற, அதுக்குள் இருக்கிற மருந்தின் அளவு வேறங்கிறதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைங்க. 90 மில்லிகிராமைப் பார்த்து யாராவது பயந்துடுவாங்க.

---

ஓ.பி._வரிசை:

வீட்டில் பார்த்துக்கிறவங்களுக்குச் சில விஷயம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, கொடுத்த அளவு, தூங்கின நேரம், நடுக்கம் பத்துக்கு எத்தனை, பி.பி. எல்லாம் எழுதுங்க. படி இறக்கினதும் ஆல்ப்ரசோலமா இருந்தால் ஒன்றிரண்டு நாளில் தெரியும். குளோனாசெபாம் மெதுவா இறங்கும், நாலைந்து நாள் கழிச்சோ ஒரு வாரம் கழிச்சோ காட்டும். மூணாம் நாள் நல்லா இருக்காரேன்னு அடுத்த படிக்குத் தேதி குறிச்சிடாதீங்க.

வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் முதல்ல குளுக்கோமீட்டரை எடுங்க. கிளிமிபிரைடு சாப்பிடுறவருக்குச் சுகர் இறங்கினாலும் அதே மூணும்தான் வரும். 70-க்குக் கீழே இருந்தால் உடனே மூணு ஸ்பூன் சீனி கரைச்ச தண்ணி, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. சுகர் சரியா இருந்தால்தான் மாத்திரைக் குறைப்பைச் சந்தேகப்படணும்.

வேற டாக்டரிடம் போகும்போது இந்த விவரம் சொல்லியே ஆகணும். விழுந்த வலிக்குக் கொடுத்த மாத்திரையில் டிரமடால் இருக்கான்னு இப்பவே பாருங்க. அது வலிப்பைக் கூப்பிட்டு வரும், எஸிடாலோப்ராமோடு சேரவும் கூடாது. கிருமித் தொற்றுக்குத் தர்ற சிப்ரோஃப்ளாக்சசின் வகையும் வலிப்புக்கு வழி விடும். படர்தாமரைக்குத் தர்ற இட்ராகோனசோல் வேற மாதிரி விஷமம் பண்ணும். அது ஓடுற வரை ஆல்ப்ரசோலம் உடம்பில் ஏறி நிற்கும், அதை நிறுத்தினதும் சில நாளில் திரும்ப இறங்கும். மாத்திரையில் ஒண்ணையும் தொடாமலேயே பெரிய படி இறங்கின மாதிரி ஆகிடும். தூக்கம் வரலைன்னு யாராவது 'கொஞ்சமா' சாராயம் ஊத்திக் கொடுக்கச் சொன்னால், அந்த ஆளை வீட்டுப் பக்கம் விடாதீங்க.

தூக்கம் சில வாரம் கெடும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுந்திருக்கிற நேரம் ஒண்ணே, அஞ்சரைன்னா அஞ்சரை. பகல் தூக்கம் அரை மணிக்கு மேல வேண்டாம். மதியத்துக்கு அப்புறம் காபி, டீ நிறுத்துங்க. அரை மணி நேரம் புரண்டால் எழுந்து ஹாலில் உட்காரட்டும், டி.வி. வேண்டாம். பாத்ரூம் வழியில் ராத்திரி விளக்கு, வழுக்காத பாய், பிடிக்கக் கம்பி. மாத்திரை குறையற வரைக்கும் விழுற ரிஸ்க் அப்படியேதான் இருக்கு.

வீடு தல்லாகுளம்னு சொன்னீங்க. சித்திரைத் திருவிழா வாரத்தில் படி இறக்காதீங்க. எதிர்சேவை அன்னைக்கு வாசலில் வேட்டும் மேளமும் விடிய விடிய இருக்கும். சத்தம் தாங்காத நரம்புக்கு அது சித்திரவதை. கண்புரை மாதிரி ஆபரேஷன் இருந்தாலும் அந்த மாதம் குறைக்காமல் அதே அளவையே கொடுங்க, மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்க.

வலிப்பு வந்தால் கையில் சாவியும் இரும்பும் திணிக்கிற வேலை வேண்டாம். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில் எதுவும் வைக்காதீங்க, நேரம் பாருங்க, 108 கூப்பிடுங்க. ஆள் அடையாளம் தெரியாமல் பேசுறது, இல்லாததைப் பார்க்கிறது, உயிரை விட்டுடலாம்னு பேசுறது, இதுக்கும் காத்திருக்க வேண்டாம். பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கு. ராத்திரியில் பேச ஆள் வேணும்னா 14416, டெலி மானஸ், காசில்லை, தமிழில் பேசலாம்.

---

வைகை_வடகரை:

ரிசல்ட் வந்துடுச்சு. சோடியம் 128. வலி மாத்திரையைப் பார்த்தேன், பாராசிட்டமாலோடு டிரமடாலும் இருக்கு. மாத்திரைக் குறைப்பை எந்தத் தேதியில் ஆரம்பிக்கட்டும்?

---

ராத்திரி_ரவுண்ட்ஸ்:

இப்போதைக்குத் தேதியே வேண்டாம். 135-க்குக் கீழே போகக் கூடாது, 128ங்கிறது அலட்சியப்படுத்துற எண் இல்லை. ரிசல்ட்டையும் எல்லா அட்டைகளையும் எடுத்துக்கிட்டு இன்னைக்கே ஒரு பொது மருத்துவரைப் பாருங்க. அந்தப் பிரஷர் மாத்திரையில் தயசைடை எடுக்கணுமா, எஸிடாலோப்ராமை என்ன பண்றது, டிரமடாலுக்குப் பதில் என்னன்னு அவர் சொல்வார். நீங்களா உப்பை அள்ளிக் கொடுக்காதீங்க, தண்ணியைக் குடம் குடமா குடிக்க வைக்கவும் வேண்டாம். குழப்பமா பேசினாலோ, வாந்தி இருந்தாலோ, தூங்கி வழிஞ்சாலோ ஓ.பி.க்குப் போகாமல் நேரா எமர்ஜென்சி.

ஆல்ப்ரசோலமும் குளோனாசெபாமும் இன்னைக்கு ராத்திரி வழக்கமான அளவே. சோடியம் இறங்கியிருக்கும்போது இந்த மாத்திரையைக் குறைச்சால் வலிப்புக்கு இரண்டு பக்கமும் கதவைத் திறந்த மாதிரி. சோடியம் சரியாகி, மறு டெஸ்டிலும் அப்படியே நின்று, எஸிடாலோப்ராம் விஷயம் முடிவாகி இரண்டு வாரம் ஆனதும் காலை பாதி மாத்திரையைப் பத்திப் பேசலாம்.

---

சீட்டு_எங்கே:

டாக்டரைப் பார்க்கப் போகும்போது அட்டை எத்தனை நாளைக்கு மிச்சம் இருக்குன்னு எண்ணிட்டுப் போங்க. பத்து நாளுக்குக் குறைவா இருந்தால் அதே சீட்டிலேயே எழுதி வாங்கிடுங்க.